ஏழு வயதில் ஒரு முறை

ஆண்டு மலருக்காக வகுப்புவாரியாகப் புகைப்படம் எடுக்கும் நாள் வந்துவிட்டால் எங்கள் பள்ளி முற்றம் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, உயரமானவர்களைப் பின்னால் நிறுத்தி, சிஸ்டர்களை நடுவில் அமரச் செய்து, எல்லாம் சரியான பிறகு புகைப்படக்காரர், "எல்லாரும் கொஞ்சம் சிரிங்கம்மா" என்பார். அப்போது பாருங்கள்! சிலர் பல் தெரியச் சிரிப்பார்கள். சிலர் உதட்டை இறுக மூடிக்கொண்டு கண்களால் மட்டும் சிரிப்பார்கள். இன்னும் சிலருக்குக் கை தானாகவே வாய்க்குப் போய்விடும்.

இவ்வாண்டு படம் கைக்கு வந்ததும் நாங்கள் கவனித்தது இதைத்தான். வாயைப் பொத்திக்கொண்டவர்கள் கூச்ச சுபாவம் உடையவர்கள் அல்லர். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. பல் வரிசை கோணலாக இருப்பதை மறைக்கவே பொத்திக்கொண்டார்கள். அவர்களுள் ஒருத்தி எங்கள் நெருங்கிய தோழி. பெயர் எழுதக் கூடாது என்ற நிபந்தனையுடன் தன் கதையை எழுத அனுமதி தந்தாள். அதிலிருந்தே தொடங்குகிறோம்.

தோழியின் கதை

ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவளுக்கு மேல் வரிசையில் ஒரு பக்கம் சின்னஞ்சிறு பால்பல் ஒன்று விழாமல் நின்றது. அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பக்கத்துப் பல்லில் வலி வந்தபோதுதான் அவளுடைய தாயார் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஓவேலியிலிருந்து முதல் பேருந்தில் கூடலூர் இறங்கி, அங்கிருந்து மலையிறங்கி ஒரு பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முளைத்திருக்க வேண்டிய கோரைப்பல் அண்ணத்தின் உள்ளே எலும்புக்குள் படுத்துக் கிடந்தது.

"ஏம்மா, ஒன்பது பத்து வயசிலேயே கூட்டிட்டு வந்திருந்தா அந்தப் பால்பல்லை எடுத்துவிட்டே சரி பண்ணப் பார்த்திருக்கலாமே" என்றாராம் மருத்துவர். "சின்னப் பல்லு விழுந்தா பெரிய பல்லு தானா வரும்னு இருந்துட்டோம் டாக்டரம்மா" என்றாராம் தாயார். இப்போது ஈறைத் திறந்து, மறைந்த பல்லில் சிறு சங்கிலி பிணைத்து, மெல்ல மெல்லக் கீழே இழுத்து வருகிறார்கள். மாதம் ஒரு முறை போய் வர வேண்டும். அந்த நாளில் தாயாருக்குக் கொழுந்துக் கூலி இல்லை, மகளுக்குப் பாடம் இல்லை.

அந்தத் தாயாரைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் நினைத்ததையே நம் வீடுகளிலும் நினைக்கிறோம். ஆகவே, குழந்தையின் பல் வரிசையை எந்த வயதில் காட்ட வேண்டும், ஏன் காட்ட வேண்டும் என்பதைப் படித்தும் கேட்டும் அறிந்து இங்கே எழுதுகிறோம்.

ஏன் ஏழு வயது?

நம் பால்பற்கள் இருபது. ஆறாம் மாதம் அளவில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை மூன்று வயதில் நிறைவு பெறும். நிலைப்பற்கள் முப்பத்திரண்டு. ஆறு வயதிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை பால்பற்களும் நிலைப்பற்களும் ஒரே வாயில் சேர்ந்து குடியிருக்கும். பாட்டியும் பேத்தியும் ஒரே வீட்டில் இருப்பதைப் போன்ற காலம் அது. பாட்டி விடைபெறும் முறையிலும் பேத்தி வந்து அமரும் முறையிலும் பிசகு நேர்ந்தால் அது இந்தக் காலத்திலேயே வெளிப்படும்.

ஏழு வயதில் முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள் நான்கும் பெரும்பாலும் முளைத்திருக்கும். கீழ் முன்பற்கள் மாறியிருக்கும். மேல் முன்பற்கள் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிப் பொருந்துகின்றன, இனி வரப்போகும் பற்களுக்கு இடம் போதுமா என்பதை மருத்துவர் அப்போதே கண்டுகொள்ள முடியும். இதனால்தான் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம், குழந்தைகளை ஏழு வயதுக்குள் ஒரு முறை காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லி வருகிறது.

இந்த முதல் கடைவாய்ப்பல்லைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இதற்கு முன்னால் உள்ள நிலைப்பற்களுக்காகப் பால்பல் ஒன்று விழுந்து வழிவிடும். இதற்காக எதுவும் விழுவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், ஆறு வயதில், சத்தமின்றி முளைத்துவிடும். எனவே இதையும் பால்பல் என்றே பலர் எண்ணி, சொத்தை விழுந்தாலும் "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழப்போகிற பல் அன்று. ஆயுள் முழுவதும் நமக்கு உழைக்க வந்த பல். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1899-ஆம் ஆண்டில் பல் பொருத்தக் குறைகளை மூன்று வகைகளாகப் பிரித்தபோது, இந்தக் கடைவாய்ப்பல்லையே அளவுகோலாகக் கொண்டார். அடுத்த ஆண்டே பல் சீரமைப்புக் கலைக்கென ஒரு தனிப் பள்ளியையும் தொடங்கினார்.

இடம் பிடித்து வைக்கும் பால்பல்

பேருந்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதை நாம் அறிவோம். பால்பல்லும் அதைத்தான் செய்கிறது. தனக்கு அடியில் வளர்ந்து வரும் நிலைப்பல்லுக்காக இடத்தைக் காத்து நிற்கிறது. சொத்தையால் அந்தப் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பின்னால் உள்ள ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். சில ஆண்டுகள் கழித்து உரிய பல் வரும்போது இடமிருக்காது. அது வெளியே பிதுங்கும், அல்லது உள்ளே மடங்கும், அல்லது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும்.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. சொத்தையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டால் பால்பல் தன் காலம் வரை நிற்கும். பிடுங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், அந்த இடம் மூடிவிடாதபடி ஒரு சிறு கம்பி வளையத்தைப் பொருத்தி வைப்பார்கள். புதிய பல் முளைக்கும்போது அதைக் கழற்றிவிடலாம். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விட்டால், பின்னாளில் இரண்டு ஆண்டுக் காலம் கம்பி கட்ட வேண்டி வரலாம்.

நம் மலைத் தோட்டங்களில் பால்பல் சொத்தையாவதற்குக் காரணம் தேட வெகு தூரம் போக வேண்டாம். அதிகாலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில், அழும் குழந்தையின் கையில் சர்க்கரை கலந்த பால் புட்டியைக் கொடுத்துத் தூங்க வைக்கிறோம். குளிருக்கு இதமாக நாள் முழுவதும் இனிப்புச் சாயத்தண்ணீர் குடிக்கிறோம். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை எடுத்துத் தன் இலையில் சேர்த்து வைக்கும் செடி; ஃப்ளூரைடு பல்லுக்கு உறுதி தருவது. ஆனால் நாம் கலக்கும் சர்க்கரை அந்த நன்மையைக் கெடுத்துவிடுகிறது. இனிப்பை உணவு வேளையோடு நிறுத்திக்கொண்டு, காலையும் இரவும் ஃப்ளூரைடு உள்ள பற்பசையால் துலக்கினால் பாதி வெற்றி கிட்டிவிடும். மூன்று வயது முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவுப் பசை போதும். அடுப்புக் கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், அவை வேண்டாம்.

விரலும் மூச்சும்

பல் வரிசையைக் கெடுப்பது சொத்தை மட்டுமன்று. குழந்தை விரல் சூப்புவது இயல்பு. பெரும்பாலும் நான்கு வயதுக்குள் தானே நின்றுவிடும். நிலைப்பற்கள் முளைக்கும் ஆறு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் மேல் முன்பற்கள் முன்னால் எத்திக்கொண்டு வரும். கடித்தாலும் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே சந்து நிற்கும். அதற்கு முன்பே நிறுத்திவிட்டால் பல நேரங்களில் பல் தானாகவே சரியாகிவிடும். விரலில் வேப்பெண்ணெய் தடவுவதும், எல்லார் முன்னிலையிலும் கேலி செய்வதும் குழந்தையின் ஏக்கத்தைப் பெருக்குமே அன்றிப் பழக்கத்தைப் போக்கா. சூப்பாத நாளைப் பாராட்டுவதும், தூங்கும் வரை அருகில் இருப்பதும் மேலான மருந்து.

ஈரமும் குளிரும் மிகுந்த நம் ஊரில் மூக்கடைப்பு பல குழந்தைகளுக்கு வாடிக்கை. சளி நீங்கிய பிறகும் குழந்தை வாயைத் திறந்தே மூச்சு விட்டால், குறட்டை விட்டால், மூக்கின் பின்புறத்தில் வளரும் அடினாய்டு என்னும் சதை அடைத்திருக்கலாம். நாளெல்லாம் வாய் திறந்திருந்தால் நாக்கு கீழே தங்கிவிடும். மேல்தாடை குறுகிப் பல் நெருக்கம் உண்டாக இதுவும் ஒரு காரணமாகலாம். இத்தகைய குழந்தையைப் பல் மருத்துவரிடமும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

தெத்துப்பல் அதிர்ஷ்டமா?

பல் மேல் பல் ஏறிய தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. குழந்தை மனம் வாடக் கூடாது என்ற நினைப்பும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் தெத்துப்பல் என்பது, கடைசியாக வந்த கோரைப்பல்லுக்கு உட்கார இடமில்லை என்பதன் அடையாளம். பல் மேல் பல் ஏறிய இடத்தில் துலக்க முடியாமல் அழுக்குச் சேரும், ஈறு வீங்கும்.

மேல் கோரைப்பல் பதினொன்று பன்னிரண்டு வயதில் வருவது. அது நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வழி தவறி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். ஒன்பது பத்து வயதில், மேலுதட்டின் உள்ளே ஈறின் மேற்பகுதியை விரலால் தடவிப் பார்த்தால், இரு பக்கமும் கோரைப்பல்லின் புடைப்புத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் மருத்துவர் படம் எடுத்துப் பார்ப்பார். சுவீடன் நாட்டில் 1988-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இப்படி அண்ணத்தின் பக்கம் வழி தவறிய 46 கோரைப்பற்களுக்கு, அவற்றின் மேலிருந்த பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். 36 பற்கள் தாமே நேர்வழிக்குத் திரும்பின. எங்கள் தோழிக்கு மருத்துவர் சொன்னது இதைத்தான்.

எல்லாக் கோணலும் குறையல்ல

இவ்வளவும் படித்துவிட்டுப் பெற்றோர் எவரும் கலங்க வேண்டியதில்லை. எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறி போல் விரிந்து, நடுவில் இடைவெளி விட்டு, அழகின்றித் தோன்றும். மருத்துவர்கள் இதனை 'அழகற்ற வாத்துக் குஞ்சுப் பருவம்' என்று வேடிக்கையாக அழைக்கிறார்கள். கோரைப்பற்கள் இறங்கி வந்ததும் இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அவசரப்பட்டுக் கம்பி கட்டத் தேவையில்லை.

எத்துப்பல்லின் கதையும் அத்தகையதே. சிறு வயதில் ஒரு தடவையும் வளர்ந்த பின் மறு தடவையுமாக இருமுறை சிகிச்சை செய்வதால், வளரிளம் பருவத்தில் ஒரே முறை செய்வதைக் காட்டிலும் பல் வரிசை சிறப்பாக அமைந்துவிடுவதில்லை என்று பல ஆய்வுகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. ஆனால் முன்கூட்டிச் செய்தால், விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்ளும் ஆபத்து குறைகிறது. ஆகவே யாருக்கு இப்போது, யாருக்குப் பிறகு என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே கடிப்பது, மேல்தாடை குறுகித் தாடை ஒரு பக்கம் நழுவுவது போன்றவற்றை மட்டும் சிறு வயதிலேயே கவனிப்பது நல்லது. மேல்தாடையின் இரு பாதிகளும் சேரும் நடுக்கோடு பருவ வயது வரை முற்றிலும் இறுகுவதில்லை. அதனால் அப்போது விரிப்பது எளிது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி இங்கே தாடை எலும்புக்கே பொருந்திவிடுகிறது!

ஏழு வயதில் காட்டுவது கம்பி கட்டுவதற்காக அன்று என்பதே நாங்கள் வற்புறுத்த விரும்புவது. எண்ணிப் பார்க்கவும், குறித்து வைக்கவும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று அறிந்துகொள்ளவுமே காட்டுகிறோம். பெரும்பாலான குழந்தைகளிடம் "ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு வருவதும் வீண் செலவல்ல.

ஏற்கெனவே வயது கடந்துவிட்ட தோழியரும் மனம் தளர வேண்டாம். மெல்லிய அழுத்தம் கொடுத்தால், பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைந்து, விட்டுவந்த பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இதனால் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு பல் நகரும். பெரியவர்களுக்கும் இது நடக்கும். காலமும் பொறுமையும் சற்று அதிகம் வேண்டும்.

நம் ஊரில் எங்கே காட்டுவது?

சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953-ஆம் ஆண்டில் தொடங்கியது. கோயம்புத்தூரில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும், நமக்குக் கீழே கோழிக்கோட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கூடலூரிலோ உதகையிலோ உள்ள எந்தப் பல் மருத்துவரும் ஏழு வயதுக் குழந்தையின் பல்லை எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும். தேவை என்று அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சீரமைப்பு நிபுணரிடம் போனால் போதும்.

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்கும் குறைகளில் பல் நோயும் ஒன்று. தமிழக அரசு 2023-இல் 'புன்னகை' என்ற பெயரில் பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. நல்ல திட்டம், ஆனால் ஆறாம் வகுப்பில் நமக்குப் பதினொரு வயது ஆகிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தை இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அந்த நான்கு ஆண்டு இடைவெளியை அடைப்பது வீட்டின் பொறுப்பும் பள்ளியின் பொறுப்புமாகும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் தங்கையையோ தம்பியையோ வாசற்படியில் உட்கார வைத்து இவற்றைப் பாருங்கள்.

1. பின்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். கீழ் முன்பல் மேல் முன்பல்லுக்கு வெளியே நிற்கிறதா?

2. கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக நழுவுகிறதா?

3. கடித்த பிறகும் முன்பற்களுக்கு இடையே நாக்கு நுழையும் அளவு சந்து இருக்கிறதா?

4. மேல் முன்பற்கள் எத்திக்கொண்டு உதடு மூட முடியாமல் இருக்கிறதா?

5. ஒரு பக்கம் புதிய பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் மறு பக்கம் அதே பல் வரவில்லையா?

6. காலத்துக்கு முன்பே பால் கடைவாய்ப்பல் போய்விட்டதா? கடைசிப் பல்லில் கறுப்புப் புள்ளி தெரிகிறதா?

7. வாய் திறந்தே தூங்குகிறாளா? இன்னும் விரல் சூப்புகிறாளா?

ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால் ஏழு வயது வரை காத்திராமல் காட்டிவிடுங்கள். எதுவும் இல்லையென்றாலும் ஏழு வயதில் ஒரு முறை காட்டுங்கள். வழி தவறிய கோரைப்பல் வெளியே தெரிவதில்லை.

எங்கள் வேண்டுகோள்

பல் நோயாளிகளுக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் புனித அப்பொலோனியாளின் நினைவு நாள் பிப்ரவரி 9. ஆண்டுதோறும் அந்த வாரத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் பற்களை மட்டும் பார்க்க ஒரு பல் மருத்துவரை நம் பள்ளிக்கு அழைக்கலாமே என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒரே நாளில் எல்லாரையும் பார்த்துவிட்டால், ஒவ்வொரு தாயும் ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்க வேண்டியதில்லை. வரிசையில் நிறுத்துவதும், பெயர் எழுதுவதும், அழும் பிள்ளையைச் சமாதானம் செய்வதும் உயர் வகுப்பு மாணவியராகிய எங்கள் வேலை.

விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிந்து, நல்ல பல் முளைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எறியுங்கள், தடையில்லை. எறிந்த கையோடு வாயைத் திறக்கச் சொல்லி, அந்த இடத்தில் என்ன முளைக்கிறது என்றும் ஒரு முறை பாருங்கள்.

எங்கள் தோழியின் கோரைப்பல் இப்போது ஈறுக்கு வெளியே நுனி காட்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு மலரின் படத்தில் கையைக் கீழே வைப்பதாக அவள் வாக்களித்திருக்கிறாள். இன்று இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய தங்கையைச் சென்ற மாதமே காட்டிவிட்டார்கள். "எல்லாம் சரியா இருக்கு, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லி அனுப்பினார்களாம்.